விண்டோஸா, மேக்கா, மின்ட்டா? உங்கள் வேலையை வைத்தே சோதித்துப் பாருங்கள்

அக்கா மகள் பி.காம் சேர்ந்ததும் போன் செய்தாள். "மாமா, லேப்டாப் வாங்கணும். விண்டோஸா, மேக்கா? காலேஜ்ல ஒரு அண்ணன் லினக்ஸ்தான் பெஸ்ட்னு சொல்றார்." இந்தக் கேள்விக்கு நான் பல வருடங்களாகப் பதில் சொல்லி வந்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அந்தச் சமயத்தில் என் மேஜையில் எது இருந்ததோ அதைத்தான் சொல்லியிருக்கிறேன் என்பது இப்போது யோசித்தால் தெரிகிறது. அதனால் இந்த முறை பதில் சொல்லவில்லை. "ஒரு நோட்டை எடு, போன மாசம் கம்ப்யூட்டர்ல என்னென்ன செஞ்சியோ எல்லாத்தையும் எழுது. ஆனா சாஃப்ட்வேர் பேரு ஒண்ணுகூட எழுதாதே" என்றேன்.

பெயர் எழுதக் கூடாது என்பதற்குக் காரணம் இருக்கிறது. "வேர்ட்" என்று எழுதிவிட்டால் முடிவும் அதிலேயே வந்துவிடும், அப்புறம் ஒப்பிட என்ன இருக்கிறது? "தமிழில் இரண்டு பக்கக் கடிதம் அடித்து ஆபீஸுக்கு அனுப்ப வேண்டும்" என்று எழுதினால்தான் அந்த வேலையை விண்டோஸ், மேக், லினக்ஸ் என்று மூன்று இடத்திலும் செய்து பார்க்க முடியும். அவள் எழுதியது இது: சான்றிதழ்களை ஒரே பிடிஎஃப் ஆக்கி ஏற்றுவது, ஃபைலாக வந்த அசைன்மென்ட்டைத் திருத்தி அனுப்புவது, தமிழில் டைப் செய்வது, விழா வீடியோவை வெட்டி ஒட்டுவது, டேலி வகுப்பு (இது கணக்கு எழுதும் சாஃப்ட்வேரின் பெயர்தான், வகுப்பே அதில் என்பதால் இதை மட்டும் விட்டுவிட்டேன்), படம் பார்ப்பது. நீங்களும் உங்கள் பட்டியலை இப்படி எழுதிக்கொள்ளுங்கள், ஏழெட்டு போதும்.

ஒவ்வொரு வேலைக்கும் எதிரே மூன்று கட்டம் போடுங்கள். வாங்கியபோதே கூட வந்ததை வைத்து உடனே முடிந்தால் ஒரு டிக். முடிந்தது, ஆனால் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருந்தது என்றால் ஒரு கேள்விக்குறி. புதிதாக எதையாவது இறக்க வேண்டியிருந்தால் அதன் பெயர். முடியவே இல்லை என்றால் ஒரு பெருக்கல் குறி. எத்தனை நிமிடம் ஆனது என்பதையும் பக்கத்தில் குறித்து வையுங்கள், பின்னால் அதுதான் கண்ணைத் திறக்கும்.

காசு செலவில்லாமல் மூன்றிலும் உட்காருவது எப்படி

விண்டோஸ் அநேகமாக வீட்டிலேயே இருக்கும். ஆனால் நீங்கள் நாலு வருடமாகப் புழங்கும் கணக்கில் சோதிக்காதீர்கள். அதில் எது கூட வந்தது, எது நீங்கள் போட்டது என்று உங்களுக்கே நினைவிருக்காது. செட்டிங்ஸில் புதிதாக ஒரு பயனர் கணக்கு தொடங்கி அதற்குள் போய்ப் பாருங்கள். எல்லோருக்கும் பொதுவாகப் போட்ட சாஃப்ட்வேர் அங்கேயும் தெரியும், ஆனாலும் புது வீட்டுக்குள் நுழைவது போல இருக்கும்.

மேக்குக்கு ஒரு நண்பரைப் பிடியுங்கள். கடையில் வைத்திருப்பதில் நின்றுகொண்டே தட்டிப் பார்ப்பதெல்லாம் சோதனை ஆகாது. மேக்கில் 'கெஸ்ட்' என்று ஒரு கணக்கு உண்டு. அதை நண்பர் இயக்கிக் கொடுத்தால், நீங்கள் வெளியே வந்ததும் அதில் செய்ததெல்லாம் தானே அழிந்துவிடும், அவருக்கும் பயமில்லை. அரை நாள் கேளுங்கள், காபி வாங்கிக் கொடுங்கள்.

லினக்ஸில் வகை ஏகப்பட்டது. முதல்முறை என்றால் லினக்ஸ் மின்ட் என்ற வகையின் சின்னமன் பதிப்பு. இன்னொரு பிரபலமான வகையான உபுண்டுவை ஏன் சொல்லவில்லை என்றால், 23.10 பதிப்பிலிருந்து அது வழக்கமாக நிறுவும்போது பிரவுசரும் சில சின்னக் கருவிகளும் மட்டும்தான் வருகின்றன, ஆபீஸ் தொகுப்பு வேண்டுமென்றால் நிறுவும்போதே விரிவான தேர்வைக் குறிக்க வேண்டும். மின்ட்டில் எல்லாம் சேர்ந்தே வருகிறது, நம் சோதனைக்கு அதுதான் தோது. சுமார் 3 ஜிபி ஃபைலை அவர்களுடைய தளத்திலிருந்து இறக்கி, 8 ஜிபி பென் டிரைவ் ஒன்றில் ரூஃபஸ் அல்லது பலேனா எட்சர் என்ற இலவசக் கருவி கொண்டு எழுதி, லேப்டாப்பை அணைத்துத் திரும்பப் போடும்போது, எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும் பூட் மெனுவில் பென் டிரைவைத் தேர்ந்தெடுங்கள். பூட் மெனுவுக்கான விசை சிலவற்றில் எஃப்12, சிலவற்றில் எஃப்9 அல்லது எஸ்கேப். நிறுவாமலேயே முழு மின்ட்டும் ஓடும். டெஸ்க்டாப்பில் இருக்கும் 'இன்ஸ்டால்' ஐகானைத் தொடாதவரை உங்கள் வட்டில் ஒன்றும் மாறாது. பென் டிரைவிலிருந்து ஓடுவதால் கொஞ்சம் மெதுவாக இருக்கும், அதற்காக மதிப்பெண்ணைக் குறைக்காதீர்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. புதிய விண்டோஸ் 11 லேப்டாப்பாக இருந்தால் உங்களுக்குத் தெரியாமலே பிட்லாக்கர் முறையில் வட்டு பூட்டப்பட்டிருக்க வாய்ப்புண்டு. பூட் செட்டிங்கை மாற்றினால் அடுத்த முறை விண்டோஸ் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டாலும் கேட்கும். அந்தச் சாவி உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். முதலில் அதை எடுத்துக் காகிதத்தில் எழுதி வைத்துவிட்டு அப்புறம் பென் டிரைவைச் செருகுங்கள்.

சான்றிதழ் சோதனை

நான் யாருக்கும் முதலில் கொடுப்பது இந்தச் சோதனையைத்தான். பத்தாவது மார்க் ஷீட், பன்னிரண்டாவது மார்க் ஷீட், சாதிச் சான்றிதழ், மூன்றும் தனித்தனி பிடிஎஃப். மூன்றையும் ஒன்றாக்கி, கையெழுத்து வைத்து, இணையதளம் சொல்லும் அளவுக்குள் சுருக்க வேண்டும். நம் ஊரில் விண்ணப்பம் போட்ட எல்லோரும் கடைசி நாள் ராத்திரி பட்ட பாடுதான் இது.

மேக்கில் இதற்கு எதையும் இறக்க வேண்டாம். ஃபைலை இரண்டு முறை தட்டினால் பிரிவியூ திறக்கும், 'வியூ' மெனுவில் தம்ப்நெயில்களைக் காட்டச் சொன்னால் பக்கவாட்டில் பக்கங்கள் வரிசையாக நிற்கும், அடுத்த பிடிஎஃபை இழுத்து அந்த வரிசையில் போட்டால் சேர்ந்துவிடும். பக்கத்தை மேலே கீழே நகர்த்தலாம், வேண்டாததை நீக்கலாம். கையெழுத்துக்கு வெள்ளைத்தாளில் போட்டு கேமராவுக்கு முன்னால் காட்டினால் போதும், பின்னணியை நீக்கி எடுத்துக்கொள்ளும். அளவைச் சுருக்கும் வசதியும் எக்ஸ்போர்ட்டில் இருக்கிறது, ஆனால் அது கொஞ்சம் முரட்டுத்தனமாகச் சுருக்கும். முத்திரையில் உள்ள எழுத்து மங்கிப்போகிறதா என்று பெரிதாக்கிப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

விண்டோஸில் பிடிஎஃப் திறப்பது எட்ஜ் பிரவுசர். படிக்கலாம், கோடு போடலாம், பேனாவால் எழுதலாம், ஆனால் மூன்று பிடிஎஃபை ஒன்றாக்கக் கூடவே வந்தது எதுவும் இல்லை. ஒரு குறுக்கு வழி உண்டு: சான்றிதழ்கள் படங்களாக இருந்தால் எல்லாவற்றையும் ஒன்றாகத் தேர்ந்தெடுத்து, வலது கிளிக் செய்து பிரிண்ட் கொடுத்து, பிரிண்டராக 'மைக்ரோசாஃப்ட் பிரிண்ட் டு பிடிஎஃப்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் ஒரே ஃபைலாக வரும். விண்டோஸ் 11 வலது கிளிக் மெனுவைச் சுருக்கிவிட்டதால் பிரிண்ட் என்பது 'ஷோ மோர் ஆப்ஷன்ஸ்' அடியில் ஒளிந்திருக்கும். கேள்விக்குறி போடுங்கள். பெரும்பாலானோர் இந்த இடத்தில் கூகுளில் தேடி, ஏதோ ஒரு இணையதளத்தில் ஆதார் அட்டையையும் சேர்த்து ஏற்றி ஒன்றாக்கி வாங்குகிறார்கள். அதை மட்டும் செய்யாதீர்கள்.

மின்ட்டில் பிடிஎஃப் படிக்க எக்ஸ்ரீடர் இருக்கிறது, ஒன்றாக்க அதுவும் உதவாது. சாஃப்ட்வேர் மேனேஜரில் 'பிடிஎஃப் அரேஞ்சர்' என்று தேடிப் போட்டால் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். ஆனால் ஸ்கேனர் வீட்டிலேயே இருந்தால் மின்ட்டில் கூட வரும் ஸ்கேன் கருவி பல பக்கங்களை நேராக ஒரே பிடிஎஃபாகச் சேமிக்கும். விண்டோஸில் காலம் காலமாக வரும் 'ஃபேக்ஸ் அண்ட் ஸ்கேன்' படமாக மட்டும்தான் தரும். மின்ட்டின் ஃபயர்ஃபாக்ஸிலேயே பிடிஎஃபைத் திறந்து அதன்மேல் எழுதலாம், கையெழுத்துப் படத்தை ஒட்டலாம். இது பலருக்குத் தெரிவதில்லை.

அக்கா மகளின் நோட்டில் மேக்குக்கு 4 நிமிடம், மின்ட்டுக்கு 9, விண்டோஸுக்கு 20-க்கு மேல் ஓடி அப்படியே நின்றுவிட்டது. இந்த ஒரு வரியைப் பார்த்துவிட்டு மேக் வாங்கிவிடாதீர்கள். டேலி இன்னும் பாக்கி இருக்கிறது.

கடிதமும் ஃபான்ட்டும்

விண்டோஸ் 95 காலத்திலிருந்து கூடவே வந்த வேர்ட்பேடை 2024-இல் விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்போடு எடுத்துவிட்டார்கள். இப்போது சுத்தமான விண்டோஸில் மிஞ்சியிருப்பது நோட்பேட்தான். வேர்ட் ஃபைலைத் திறக்க ஆபீஸ் வாங்கியிருக்க வேண்டும், அல்லது பிரவுசரில் இலவச வேர்டுக்குப் போக வேண்டும். கடைக்காரர் "ஆபீஸோடு வருது" என்றால், அது ஆயுள் உரிமமா, சில மாத முன்னோட்டமா என்று பெட்டியின் மேலே படித்துப் பாருங்கள்.

மேக்கில் பேஜஸ், நம்பர்ஸ், கீநோட் மூன்றும் 2013-இலிருந்து புது மேக்கோடு இலவசம். வேர்ட் ஃபைலைத் திறக்கும், ஆனால் சேமிக்கும்போது தன் வடிவத்தில்தான் சேமிக்கும். நான் ஒருமுறை அவசரத்தில் பேஜஸ் ஃபைலை அப்படியே ஓர் அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டேன். அங்கே திறக்கவில்லை, யாரும் சொல்லவும் இல்லை. நாலு நாள் கழித்து நான் விசாரித்தபோதுதான் தெரிந்தது. 'எக்ஸ்போர்ட் டு வேர்ட்' என்பதைக் கை தானாகச் செய்யும்வரை ஒரு சீட்டில் எழுதித் திரையோரம் ஒட்டி வையுங்கள். மின்ட்டில் லிப்ரேஆஃபீஸ் என்ற இலவச ஆபீஸ் தொகுப்பு முழுதாகக் கூடவே வருகிறது. கணக்குத் தொடங்கச் சொல்லாது, முன்னோட்டம் முடிந்தது என்று மிரட்டாது, வேர்ட் வடிவத்தில் நேராகவே சேமிக்கலாம்.

சோதிக்கும்போது வெறும் ஆங்கிலக் கடிதத்தை வைத்துப் பார்க்காதீர்கள், எல்லாமே ஜெயித்துவிடும். தமிழும் ஆங்கிலமும் கலந்து, ஒரு அட்டவணையும் இருக்கிற பழைய ஃபைலை எடுத்துக்கொண்டு போங்கள். பழைய தமிழ் ஃபைல்கள் பெரும்பாலும் லதா ஃபான்ட்டில் இருக்கும். அது விண்டோஸுக்கே உரியது, மற்ற இரண்டும் வேறு ஃபான்ட்டை வைத்துக் காட்டும், எழுத்து அகலம் மாறும், இரண்டு பக்கம் மூன்றாகும். ஆங்கிலத்தில் கலிப்ரி என்றால் லிப்ரேஆஃபீஸ் அதே அகலமுள்ள கார்லிட்டோவை வைத்துச் சமாளித்துவிடும்.

தமிழில் தட்டுவது

நமக்கு இதுதான் முக்கியம், வெளிநாட்டுக்காரர் எழுதும் ஒப்பீட்டில் இந்த வரியே இருக்காது. மூன்றிலும் தமிழ் 99 என்ற விசைப்பலகை அமைப்பு கிடைக்கிறது, ஆங்கில எழுத்தின் ஒலியை வைத்துத் தட்டும் ஒலிப்பு (ஃபொனடிக்) முறையும் கிடைக்கிறது. விண்டோஸில் 2019-இல் இந்திய மொழிகளுக்கு ஃபொனடிக் விசைப்பலகைகள் வந்தன, தமிழும் அதில் உண்டு. மேக்கில் அஞ்சல் என்ற ஒலிப்பு முறை, தமிழ் 99 இரண்டும் பல வருடங்களாகவே உள்ளே இருக்கின்றன. அதில் வரும் 'தமிழ் சங்கம் எம்என்' என்ற ஃபான்ட்டின் எம்என் என்பது அதை வடிவமைத்த முத்து நெடுமாறனின் பெயர்ச் சுருக்கம்.

சோதனை எளிது. தமிழ் 99 தெரிந்தவர் என்றால் ஏ, கே, கே, க்யூ என்று நாலு விசை தட்டுங்கள். 'அம்மா' என்று வர வேண்டும், ஏனென்றால் ஒரே மெய் இரண்டு முறை வந்தால் முதலாவதற்குப் புள்ளி தானாக விழுவதும், மெய்யை அடுத்து உயிர் வந்தால் இரண்டும் சேர்வதும்தான் தமிழ் 99-இன் உயிர். புள்ளி விழவில்லை என்றால் நீங்கள் சேர்த்திருப்பது முழுத் தமிழ் 99 அல்ல, பெயர் மட்டும் அது. மின்ட்டில் இந்தக் குழப்பம் நிச்சயம் வரும். கீபோர்டு செட்டிங்ஸில் நேராகச் சேர்க்கும் தமிழ் விசைப்பலகை ஒரு விசைக்கு ஓர் எழுத்து என்று மட்டுமே வேலை செய்யும், முன்னால் என்ன தட்டினீர்கள் என்று அதற்குத் தெரியாது. அதை விட்டுவிட்டு, தட்டிய விசைகளைச் சேர்த்து எழுத்தாக்கும் ஐபஸ் என்ற கருவியையும், அதற்குரிய எம்17என் தொகுப்பையும் சாஃப்ட்வேர் மேனேஜரிலிருந்து போட்டு, 'இன்புட் மெத்தட்' பகுதியில் ஐபஸ்ஸைத் தேர்ந்து, வெளியேறி மறுபடி உள்ளே வந்து, அங்கே தமிழ் 99-ஐச் சேருங்கள். அப்புறம் அம்மா வந்துவிடுவாள். மின்ட்டின் கட்டத்தில் இறக்கியதன் பெயர், மற்ற இரண்டுக்கும் டிக்.

வானவில், பாமினி போன்ற, இன்று பொதுவான யுனிகோட் முறையில் சேராத பழைய எழுத்துருவில் அச்சக வேலை செய்கிறவர் என்றால் இந்தச் சோதனையெல்லாம் வேண்டாம். அந்த உலகம் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு சாஃப்ட்வேரோடு விண்டோஸில்தான் இன்னும் உட்கார்ந்திருக்கிறது, அங்கேயே இருங்கள்.

வீடியோ வெட்ட மேக்கில் ஐமூவி, விண்டோஸ் 11-இல் கிளிப்சேம்ப், இரண்டும் கல்லூரி விழாவுக்குத் தாராளம். மின்ட்டில் கூட வருவது எதுவும் இல்லை, கேடென்லைவ் இறக்கிக்கொள்ளலாம். திரையைப் படம் பிடிக்க விண்டோஸ் கீயோடு ஷிஃப்ட், எஸ்; மேக்கில் ஷிஃப்ட், கமாண்ட், 5. இதில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் விண்டோஸ் கீயோடு வி தட்டி ஒருமுறை இயக்கிவிட்டால், அதன்பின் காப்பி செய்ததெல்லாம் அதே விசையில் வரிசையாக வரும் பாருங்கள், அதற்குப் பழகிவிட்டால் அது இல்லாத இடத்தில் கை ஒடிந்த மாதிரி இருக்கும்.

கைப்பழக்கம்

"மேக் ரொம்ப ஈஸி" என்கிறவர் மேக்கில் வளர்ந்தவர். விண்டோஸிலிருந்து போகிறவருக்கு முதல் நாள் எல்லாமே தப்பாக இருக்கும். ஃபைலின் மேல் என்டர் தட்டினால் திறக்காது, பெயர் மாற்றச் சொல்லும். ஃபைலைக் கட் செய்ய முடியாது, கமாண்ட் சி கொடுத்துவிட்டு ஒட்டும் இடத்தில் ஆப்ஷன், கமாண்ட், வி என்று மூன்றையும் அழுத்த வேண்டும். சிவப்புப் பொத்தானை அழுத்தினால் ஜன்னல் மூடும், பல ஆப்கள் மூடாது, கமாண்ட் க்யூதான் மூடும். மவுஸ் உருட்டினால் பக்கம் எதிர்த்திசையில் ஓடும், அதை செட்டிங்ஸில் மாற்றலாம். மின்ட்டில் இந்தத் தொல்லை குறைவு, கீழே பட்டை, இடது மூலையில் மெனு, கண்ட்ரோல் சி, கண்ட்ரோல் வி எல்லாம் பழகிய இடத்திலேயே இருக்கும்.

ஆகவே முதல் நாள் எரிச்சலை நோட்டில் எழுதுங்கள், ஆனால் கூட்டலில் சேர்க்காதீர்கள். முடிந்தால் ஒரு வாரம் கழித்து அதே வேலைகளைத் திரும்பச் செய்து நிமிடத்தைக் குறியுங்கள். இரண்டாவது முறையும் குறையாத நேரம்தான் அந்தக் கணினியின் குற்றம். குறைந்ததெல்லாம் நம் விரல்.

தொந்தரவையும் ஒரு வேலை போல எண்ணுங்கள். ஒரு மணி நேரத்தில் நீங்கள் கேட்காமல் எத்தனை முறை உங்களிடம் எதையாவது வாங்கச் சொன்னது, உள்நுழையச் சொன்னது என்று கோடு போட்டு வாருங்கள். விண்டோஸ் இதில் தோற்றே போகும். தேடினால் வட்டில் இருக்கும் ஃபைலோடு இணைய முடிவுகளும் வந்து நிற்கும். ஒன்டிரைவ் உங்கள் டெஸ்க்டாப்பையும் டாக்குமென்ட்ஸையும் தன்னிடம் இழுத்துக்கொண்டு, இலவசமாகத் தந்த 5 ஜிபி நிரம்பியதும் காசு கேட்கும். ஆப்பிளின் ஐகிளவுடும் அதே 5 ஜிபிதான், அதுவும் கேட்கும், கொஞ்சம் நாசூக்காக. மின்ட் ஒன்றும் கேட்காது, அப்டேட்டைக்கூட நீங்கள் சொன்னால்தான் போடும்.

பேக்கப் எடுப்பதில் மேக்கின் டைம் மெஷினுக்கு ஈடில்லை, வெளி வட்டைச் செருகினால் அதுவே கேட்டுச் செய்துகொள்ளும். விண்டோஸின் ஃபைல் ஹிஸ்டரி கன்ட்ரோல் பேனலுக்குள் புதைந்து கிடக்கிறது. மின்ட்டின் டைம்ஷிஃப்ட்டைப் பார்த்து ஏமாறாதீர்கள். அது கணினியின் அமைப்பை மட்டும்தான் காப்பாற்றும், உங்கள் போட்டோவையும் பாடங்களையும் அல்ல. அதற்கென்று 'பேக்கப் டூல்' தனியாக இருக்கிறது.

பெருக்கல் குறி

கடைசியாக, எத்தனை டிக் இருந்தாலும் ஒரே ஒரு பெருக்கல் குறி எல்லாவற்றையும் அடித்துவிடும். டேலி விண்டோஸுக்கு எழுதப்பட்டது. ஆப்பிளின் சொந்த சிப் உள்ள மேக்கில், மேக்கிலேயே விண்டோஸை நிறுவ உதவிய பழைய பூட்கேம்ப்பும் இல்லை, அதனால் தனியாகக் காசு கொடுத்து உள்ளே ஒரு விண்டோஸை ஓட்ட வேண்டும். வீட்டில் இருக்கும் பிரிண்டரையும் கையோடு சோதியுங்கள். எங்கள் வீட்டுப் பழைய லேசர் பிரிண்டர் விண்டோஸில் மட்டும்தான் அசைந்தது, பென் டிரைவிலிருந்து ஓட்டிய மின்ட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போராடி விட்டுவிட்டேன். டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் வைத்திருக்கிற ஆடிட்டர்கள் அதையும் செருகிப் பார்த்துவிட வேண்டும்.

அக்கா மகள் நோட்டைக் கூட்டிப் பார்த்துவிட்டு, டேலிக்காக விண்டோஸ் லேப்டாப் வாங்கினாள். சான்றிதழ் சோதனையில் கடைசியாக வந்ததுதான், இருந்தாலும் மூன்று வருடம் டேலியோடு குடும்பம் நடத்த வேண்டியவள் அவள். பிடிஎஃப் ஒன்றாக்க ஒரு சின்ன இலவசக் கருவியைப் போட்டுக் கொடுத்தேன். அக்காவின் பழைய லேப்டாப்பில் விண்டோஸ் 10 இருந்தது. 2025 அக்டோபர் 14-உடன் அதற்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது, அந்த 4 ஜிபி ரேம் இயந்திரத்தை விண்டோஸ் 11 ஏற்றுக்கொள்ளவும் இல்லை. அதில் மின்ட் போட்டோம், அக்கா சீரியல் பார்க்கிறாள், மின் கட்டணம் கட்டுகிறாள், எது மாறியது என்றே கேட்கவில்லை.

இரண்டு கணினிக்கும் நடுவே போய் வரும் பென் டிரைவை மட்டும் எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மேட் செய்துவிடுங்கள். விண்டோஸின் என்டிஎஃப்எஸ் முறை என்றால் நாளைக்கு யாராவது மேக்கில் செருகும்போது படிக்க மட்டும்தான் முடியும், எழுத முடியாது.